தகரப் பெட்டியில் உறைந்திருந்த ரோஜா

நான் 31 வருடங்கள் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் வேலை செய்தவன். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் மலையகத்தில் நாங்கள் ஸ்டோர் என்போம். வேலைக்குச் சேர்ந்த அன்று தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான பெரிய டீமேக்கர் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் ரோலரையோ டிரையரையோ பற்றியதாக இருக்கவில்லை, என் உடம்பைப் பற்றியதாக இருந்தது. வாசனை எண்ணெய் வைத்த தலையோடு உள்ளே வரக்கூடாது, தடிமன் பிடித்தால்கூடத் தைலம் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது, சென்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. காய்ந்த தேயிலை அக்கம்பக்கத்து வாசங்களையெல்லாம் உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், சலிக்கும் இடத்தில் நிற்கும் ஒருவனுடைய கழுத்து வாசம் கொழும்பில் தேயிலை ருசி பார்ப்பவரின் கோப்பை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவர் சொன்னார். 2021இல் ஓய்வு பெறும்வரை அந்தச் சொல்லை நான் மீறவில்லை.

ஆனாலும் வாசனையில் ஆசையில்லாமல் நான் இருந்ததில்லை. சொல்லப்போனால் ஸ்டோர் வேலையே மூக்கால் செய்கிற வேலைதான். கொழுந்து வாட்டும் மாடிக்கு இரவு இரண்டு மணிக்கு ஏறிப்போனால், சாயங்காலம் புல் வெட்டிய இடம்போல இருந்த பச்சை வாசம் தணிந்து, பூவும் பழமும் கலந்த ஒரு வாசம் மெல்ல எழும்பி நிற்கும். அதிலே லினலூல், ஜெரானியோல் என்ற இரண்டு பொருட்கள் இருக்கின்றன என்றும், லவண்டர் பூவிலும் ரோஜாவிலும் வாசம் தருபவற்றில் அவையும் உண்டு என்றும் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு வியப்பாக இருக்கவில்லை. வாட்டும் மாடியில் நின்ற ஒவ்வோர் இரவும் என் மூக்கு அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

என் தங்கை அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். 1998இல் வீட்டு வேலைக்குச் சவூதி அரேபியாவுக்குப் போய், தாயிப் நகரத்தில் ஒரே வீட்டில் 2005 வரை இருந்தாள். பிறகு 2007 தொடக்கம் ஐந்து வருடங்கள் குவைத்தில். அவள் விடுமுறையில் வரும்போதும், ஊருக்குத் திரும்புகிற யாரிடமாவது சாமான் கொடுத்தனுப்பும்போதும், எனக்கென்று ஒரு சென்ட் போத்தலோ அத்தர்ச் சீசாவோ கட்டாயம் இருக்கும். வேலைக்குப் போட்டுக்கொண்டு போக முடியாது என்பது அவளுக்கும் தெரியும். “ஞாயித்துக்கிழமைக்குப் போடுங்கண்ணே, கோயிலுக்குப் போடுங்க” என்பாள். நானும் தலையாட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால், இவ்வளவு நல்ல சாமானைச் சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு உடைப்பதா, தீபாவளிக்குப் பார்ப்போம் என்று தோன்றும். தீபாவளி வந்தால் யாருடைய கலியாணமாவது வரட்டும் என்று தோன்றும்.

இப்படிச் சேர்ந்தவையும் அப்பாவுடைய பழைய போத்தல் ஒன்றுமாக மொத்தம் 23 போத்தல்கள். நோர்வூட்டில் நாங்கள் சொந்தமாகக் கட்டிய வீட்டில் அவை மூன்று இடங்களில் கிடந்தன. பார்வைக்கு அழகான 5 போத்தல்களை என் மனைவி முன்னறையில் ஜன்னலுக்கு நேரெதிரே இருந்த ஷோகேசில் அடுக்கி வைத்திருந்தாள். 7 போத்தல்கள் படுக்கையறை அலுமாரியின் மேல், தகரக் கூரைக்கு இரண்டு முழம் கீழே. மிச்சம் 11ம் உள்ளறைக் கட்டிலுக்கு அடியில், அப்பாவின் பழைய தகரப் பெட்டிக்குள், அவற்றின் அட்டைப் பெட்டிகளோடு பழைய சேலைத் துணியில் சுற்றப்பட்டு இருந்தன. எந்த யோசனையும் இல்லாமல் அமைந்துபோன இந்தப் பங்கீடுதான் பிற்பாடு எனக்கு மிகப் பெரிய பாடமாக இருந்தது.

2022இல் பொருளாதார நெருக்கடியில் இலங்கை இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்கம் முந்நூறு வகைப் பொருட்களின் இறக்குமதியை இடைநிறுத்தியபோது அந்தப் பட்டியலில் வாசனைத் திரவியங்களும் இருந்தன. அதே சமயத்தில் தங்கையின் மகளுக்குத் தை மாதத்தில் கலியாணம் என்று நிச்சயமாயிற்று. தாய்மாமன் சீர்த் தட்டில் நல்ல சென்ட் போத்தல் ஒன்று இருக்கவேண்டும் என்பது என் ஆசை. ஹட்டன் கடையில் விலை கேட்டுவிட்டு, சேமலாப நிதி என்கிற ஓய்வுகாலச் சேமிப்புப் பணத்துக்கு வரும் வட்டியை மனதில் கணக்குப் பார்த்துக்கொண்டே வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தேன். “நம்ம வீட்டுலேயே ஒரு கடை வைக்கிற அளவுக்குக் கெடக்குதேங்க” என்றாள் மனைவி. அன்று மாலை மூன்று இடங்களிலும் இருந்ததையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன்.

அங்கே நான் செய்த பிழையைத்தான் முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் பழைய சென்ட்களை எடுத்துப் பார்க்கிற எவரும் இதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். நிறத்தைப் பார்த்தே ஒதுக்கிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் போத்தல்களையும் ஒரே இருப்பில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, வாயிலேயே மூக்கை வைத்து முகர்ந்தேன். ஏழெட்டுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோல இருந்தது. பாதிக்கு மேல் நகப்பூச்சைத் திறந்ததுபோல மூக்கைக் குத்தின. தலை வலிக்கத் தொடங்கியது. 12 போத்தல்களைக் கெட்டுவிட்டன என்று ஒதுக்கி, மறுநாள் வீசுவதற்காக ஒரு பையில் போட்டுவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை. தேயிலை ருசி பார்க்கும் அறையில் இப்படி ஒருவன் கோப்பைகளைத் தாறுமாறாக உறிஞ்சிவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் அவனை யாராவது அடுத்த நாள் உள்ளே விடுவார்களா என்று எண்ணினேன். தேயிலைக்கு ஒரு முறை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் என்று வகுத்து வைத்திருக்கிறது. ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே வெளிச்சம் இருந்தால்தான் ஒரு கோப்பையை இன்னொரு கோப்பையோடு ஒப்பிட முடியும். நான் 31 வருடம் பார்த்த அந்த ஒழுங்கை என் தங்கையின் போத்தல்களுக்குக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் பையைத் திறந்து 12 போத்தல்களையும் திரும்ப எடுத்தேன். சித்திரம் வரையும் தடித்த தாளை விரல் அகலக் கீற்றுகளாக வெட்டிக்கொண்டேன், ஏனென்றால் பளபளப்பான தாள் திரவத்தை உறிஞ்சாது. ஒரு நாளைக்கு மூன்று போத்தல்களுக்கு மேல் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். காலையில் முகம் கழுவி, தேநீருக்கு முன்பு, அடுப்பு மூட்டுவதற்கும் சாம்பிராணி போடுவதற்கும் முந்திய நேரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றையும் மூன்று தடவை முகர்வேன்: போட்டு ஒரு நிமிடத்தில், இருபது நிமிடத்தில், மூன்று மணித்தியாலத்தில். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வாசலில் போய் நின்று வெறுங்காற்றை இழுத்துக்கொள்வேன், அல்லது என்னுடைய முழங்கை மடிப்பை முகர்வேன். பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் தேதி, போத்தல், எங்கே இருந்தது, நிறம், மூன்று நேரத்திலும் என்ன வாசம் என்று எழுதிவைத்தேன். வாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பவேண்டாம், அதற்கு எழுத்துத்தான் துணை.

ஸ்ப்ரே போத்தல்களில் இன்னுமொரு நுணுக்கம் இருக்கிறது. உள்ளே இறங்கும் மெல்லிய குழாயிலும் மேல் முனையிலும் தங்கி நிற்கும் சில துளிகள், கடைசியாக அடித்த நாள் தொட்டுக் காற்றோடு கிடந்தவை. அவைதான் முதல் அடியில் வெளியே வருகின்றன. எனவே முதல் மூன்று நான்கு அடிகளைத் துணியில் அடித்துவிட்டு, அதற்குப் பிறகு வருவதைத் தாளில் எடுக்கவேண்டும். நான் வீசுவதற்கு வைத்திருந்தவற்றில் இரண்டு போத்தல்கள் இந்த ஒரு காரியத்தாலேயே மறுபடியும் உயிர் பெற்றன. முனை அடைத்துக்கொண்ட போத்தல்களுக்கு, மேல் மூடியைக் கழற்றி வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் துடைத்துப் போட்டேன்.

குத்துகிற அந்த நகப்பூச்சு வாசத்துக்குக் காரணமும் விளங்கிற்று. போட்டவுடன் வருகிற பளிச்சென்ற வாசத்துக்கு எலுமிச்சை, தோடம்பழம், பெர்கமொட் ஆகியவற்றின் தோல் எண்ணெய்களைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் இருக்கும் லிமோனீன் மிக மெல்லியது, காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து முதலில் மாறுவதும், அதாவது ஒட்சியேற்றம் அடைவதும், அதுதான். கீழே இருக்கும் சந்தனம், கஸ்தூரி வகைகள், பிசின்கள், வனிலா ஆகியன கனமானவை, சுலபத்தில் அசையாதவை. ஆகவே பழைய சென்ட் ஒன்று முதல் பத்து நிமிடம் மோசமாக இருப்பதால் அது முழுவதும் கெட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. வாசற்படி உளுத்துப் போயிருந்தாலும் உள்வீடு நன்றாக இருக்கலாம். அலுமாரிக்கு மேலே இருந்த இரண்டு போத்தல்கள் அப்படித்தான் இருந்தன. இருபதாவது நிமிடத்தில் அவை நான் எதிர்பார்த்ததைவிட இனிமையாக மாறின.

நான்கு கிழமை முடிய கொப்பியில் விழுந்த கணக்கு இது. ஷோகேசில் இருந்த 5இல் 4 கெட்டுவிட்டன. தப்பிய ஒன்று கரும்பழுப்புக் கண்ணாடிச் சீசாவில் இருந்த ஊத், அதாவது அகில் கட்டை அத்தர். அலுமாரிக்கு மேலே இருந்த 7இல் 3 கெட்டன, மேலே சொன்ன இரண்டும் முன்வாசம் மட்டும் இழந்திருந்தன, மற்ற இரண்டும் நன்றாக இருந்தன. தகரப் பெட்டியில் இருந்த 11இல் ஒன்று வற்றிப்போயிருந்தது, மற்ற பத்தும் பழுதில்லை. இருபது வருடங்களைத் தாண்டியவையும் அந்தப் பத்தில் இருந்தன.

வெளிச்சம்தான் முதல் எதிரி என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. அதற்கு அடுத்தது வெப்பம், அதிலும் ஏறி இறங்கும் வெப்பம். நம்முடைய மலைப் பக்கம் குளிர்ச்சியானது, சென்ட் வைப்பதற்கு நல்ல இடம் என்று எவரும் நினைக்கலாம். தகரக் கூரைக்கு அடியில் அந்தக் கணக்குச் செல்லாது. பெப்ரவரி மார்ச் மாதங்களில் மத்தியானத்தில் கூரை சுடும், நடுச்சாமத்தில் அதே கூரையில் பனி இறங்கும். போத்தலுக்குள் இருக்கும் காற்று பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது மூடியின் இடுக்கால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் புதுக்காற்று உள்ளே வருகிறது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் காம்பறாவில் இருப்பவர்கள் சென்டைப் பரணிலோ கூரைச் சட்டத்திலோ வைக்காமல் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

கெட்டுப்போனதைத் தோலில் போடக்கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஷோகேஸ் போத்தல்களில் ஒன்று, பச்சைக் கண்ணாடியில் நுவரெலியாப் பூங்காவில் பார்க்கும் வகை ரோஜா மொட்டு மூடியோடு இருந்தது. அதை வீச மனம் வராமல் ஒரு நாள் கழுத்தின் இரண்டு பக்கமும் தடவிக்கொண்டேன். மறுநாள் காலையில் தடவிய இடம் முழுவதும் சிவந்து தடித்து அரித்தது, இறங்க ஒரு கிழமை ஆனது. ஒட்சியேற்றம் அடைந்த லிமோனீனும் லினலூலும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியவை. இப்போது எந்தப் பழைய போத்தலாக இருந்தாலும் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு துளி வைத்து இரண்டு நாள் பார்க்காமல் கழுத்துக்குக் கொண்டுபோவதில்லை.

நிறத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். தகரப் பெட்டியில் இருந்த ஒரு போத்தல் சாயம் கூடிய தேநீர்போலக் கறுத்திருந்தது. முதல் நாளில் அதை முகராமலே பையில் போட்டிருந்தேன். வனிலாவின் வாசத்துக்குக் காரணமான வனிலின் காலப்போக்கில் தானாகவே பழுப்பு நிறமாக மாறும், வாசம் அதனால் கெடுவதில்லை. அந்தப் போத்தலைத் தாளில் அடித்து இருபது நிமிடம் கழித்து முகர்ந்தபோது, ஏலக்காயும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிய பாலைப்போல ஒரு வாசம் அறை முழுவதும் நின்றது. வெள்ளைச் சட்டையில் மட்டும் அடிக்கக்கூடாது, கறை படும்.

இனி அந்த ரோஜாவுக்கு வருகிறேன். தகரப் பெட்டியின் ஓர் மூலையில், சின்ன விரல் அளவுகூட இல்லாத ஒரு சீசா பஞ்சில் சுற்றியிருந்தது. கால் தோலா, அதாவது 3 மில்லிலீற்றர் அளவு. உள்ளே திரவம் எதுவும் ஆடவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசி ஊசியாகப் படிந்த ஏதோ வெள்ளைப் படலம், மெழுகு உறைந்ததுபோல. மூடியைத் திறந்தால் வாசமும் அவ்வளவாக இல்லை. எண்ணெய் வற்றிக் கசடு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணி, கொப்பியில் “கெட்டது” என்று எழுதிவிட்டேன். அது ஓகஸ்ட் கடைசி, ஒரு கிழமையாக வெயிலைக் காணாத மழை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை கலியாணப் பேச்சு விஷயமாக வீட்டுக்கு வந்தாள். மேசையில் வரிசையாக இருந்த போத்தல்களைப் பார்த்தவள் ஒன்றும் பேசாமல் நேரே அந்தச் சீசாவை எடுத்தாள்.

“இத இன்னும் தொடவே இல்லையாண்ணே?”

“அது கெட்டுப்போச்சு பாப்பா. உள்ளுக்குள்ள கட்டியா இருக்கு.”

“கெடலண்ணே. குளிருக்கு இது இப்படித்தான் ஒறையும். தாயிப்லயும் குளிர் காலத்துல இப்படித்தான் இருக்கும். மேடம் கையில வச்சுப் பொத்திக்குவாங்க.”

அவள் சீசாவை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டாள். கொழுந்து பறித்ததால் முன்பும், வீட்டு வேலையால் பின்பும் காய்த்துப்போன கைகள் அவை. தேநீர் குடித்து முடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். கையைத் திறந்தபோது ஊசிகள் எல்லாம் கரைந்து, இளமஞ்சள் எண்ணெய் சீசாவின் அடியில் தெளிவாக நின்றது. ஒரு ஈர்க்குத் துண்டின் முனையில் தொட்டு என் மணிக்கட்டில் வைத்தாள். அந்த வாசத்தை ரோஜா என்று சொல்லிவிட்டால் போதாது. முதலில் மிளகு போன்ற ஒரு காரம், பிறகு தேன், அதற்குப் பிறகு, நான் சொல்வது மிகையில்லை, வாட்டும் மாடியில் நடுச்சாமத்தில் எழும்பும் அதே பூ வாசம்.

உண்மையான ரோஜா எண்ணெயில் மெழுகுத்தன்மையான பொருட்கள் இயல்பாகவே கலந்திருக்கின்றன. ஏறக்குறைய 20 பாகை செல்சியசுக்குக் கீழே அவை உறைந்து ஊசிபோலப் படியும். நோர்வூட்டில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் அதைவிடக் குளிர் கூடுதலாகத்தான் இருக்கும். கெட்டுவிட்டது என்று நான் எழுதிய அடையாளமே அது கலப்படமில்லாதது என்று நம்புவதற்கு நல்ல அடையாளமாக இருந்தது. இதே போல, குளிர்நாட்களில் சில சென்ட்கள் கலங்கித் தோன்றும். அவற்றை வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைத்துவிடவேண்டாம். அத்தர் என்றால் கைச்சூடு போதும், ஸ்ப்ரே போத்தல் என்றால் நடுவீட்டில் அரை நாள் வைத்தால் தெளிந்துவிடும். சென்டில் பெரும்பங்கு மதுசாரம், தீப்பற்றக் கூடியது. சாமி விளக்குக்குப் பக்கத்தில் நின்று அடிக்கவும் கூடாது.

அன்று தங்கை தாயிப்பைப் பற்றி முன்பு சொல்லாததையெல்லாம் சொன்னாள். அந்த நகரமும் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே மலையில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம்முடைய நுவரெலியாவின் உயரம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ரோஜா பூக்கும். வெயில் ஏறினால் வாசம் பறந்துவிடும் என்பதால் விடியுமுன் பறிக்கத் தொடங்குவார்கள். எஜமானர் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முறை அவளும் கூடப்போய்ப் பறித்திருக்கிறாள். “கொழுந்து பறிச்ச கைண்ணே, அவங்க எல்லாத்தையும் விட நான்தான் வேகம்” என்றாள். ஏழு வருடம் முடிந்து அவள் திரும்பி வந்தபோது அந்த வீட்டு அம்மா தன் அலுமாரியிலிருந்து எடுத்துக்கொடுத்ததுதான் இந்தச் சீசா. அதை அவள் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் எனக்குத் தந்திருக்கிறாள், நான் 17 வருடம் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். “எத்தன சென்ட் கொண்டாந்தேன், நீங்க ஒரு நாளும் போட்டு நான் மோந்ததே இல்லண்ணே” என்று அவள் சொன்னபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அந்தச் சீசாவுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஸ்டோர் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவுக்கு மேல் பூ வேண்டும். அந்தக் கால் தோலாவுக்கு ஆயிரக்கணக்கான பூக்கள் பறிக்கப்பட்டிருக்கவேண்டும்.

மலைநாட்டுக் குளிர் இன்னொரு விதத்திலும் நம்மை ஏமாற்றும். குளிரில் எதுவும் மெதுவாகத்தான் ஆவியாகும் என்பதால், பனிவிழுகிற காலையில் போட்ட சென்ட் வாசமே இல்லாததுபோல இருக்கும், மேலும் இரண்டு அடி அடிக்கத் தோன்றும். குவைத்தில் வாங்கிய கனமான ஊத் ஒன்றை அப்படிப் போட்டுக்கொண்டு ஒரு நாள் கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். கினிகத்தேனை தாண்டி இறங்க இறங்க, கித்துல்கலையில் உடம்பு வியர்க்க, அவிசாவளையில் பக்கத்து ஆசனத்து அம்மா ஜன்னலைத் திறந்து முகத்தை வெளியே வைத்துக்கொண்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கீழ்நாட்டுக்குப் போகும் நாளில் மலையில் வாசம் தெரியாத அளவுக்குப் போட்டாலே அங்கே அது போதும். நோர்வூட்டிலேயே இருக்கும் நாளில் ஊத், சந்தனம், வனிலா போன்ற கனத்த வாசங்கள் கம்பளிச் சட்டைக்கு உள்ளே, நெஞ்சில் ஒரு துளி போட்டால் நாள் முழுவதும் நிற்கும். எலுமிச்சை வகைகள் இங்கே எடுபடுவதில்லை, அவற்றைத் தங்கை மகனிடம் கொழும்புக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

வற்றிப்போயிருந்த போத்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது 4711 என்ற ஓடிக்கொலோன். ஜேர்மனியின் கொலோன் நகரத்தில் குளொக்கன்காஸ என்ற தெருவில் இருந்த வீட்டின் இலக்கம்தான் அந்தப் பெயர். கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமை ஆனபோது ஊருக்குப் போன தொரை, அதாவது தோட்ட நிர்வாகி, ஒருவர் அதை அப்பாவுக்குக் கொடுத்தார். காய்ச்சல் என்றால் அம்மா அதைத் துணியில் நனைத்து எங்கள் நெற்றியில் போடுவார். கொலோன் வகைகளில் வாசனை எண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் பெரும்பாலும் இருப்பதில்லை. அதுவும் எலுமிச்சை, தோடைப் பூ போன்று சீக்கிரம் பறந்துவிடுகிற எண்ணெய்கள். ஓ டி பர்ஃபம் என்கிற அடர்த்தி கூடிய வகையில் அது பெரும்பாலும் பதினைந்து பங்கு அளவில் இருக்கும். பத்திரப்படுத்தி வைத்திருந்து அனுபவிக்கலாம் என்று எண்ணி ஒரு கொலோனை எவரும் மூடி வைக்கவேண்டாம், வாங்கிய ஒன்றிரண்டு வருடத்துக்குள் தாராளமாகப் பூசித் தீர்த்துவிடவேண்டும். மூடியின் உட்பக்கத்தை முகர்ந்தால், நான் கற்பனை செய்கிறேனோ என்னவோ, ரோஸ்மேரி இலைபோல ஒரு சுவடு இருக்கிறது. போத்தலை மட்டும் வைத்திருக்கிறேன்.

கலியாணச் சீருக்கு எதைக் கொடுப்பது என்பதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டியிருந்தது. நன்றாக இருந்தவற்றில் மிக அழகான பூ வாசம், 2009இல் குவைத்திலிருந்து வந்த ஒரு வெள்ளைப் பெட்டிச் சென்டில்தான் இருந்தது. பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்த பொருட்பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தபோது பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோப்பியோனல் என்ற பெயர் இருந்தது. லிலியல் என்று வழங்கும் இதை, இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடியது என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்துவிட்டது. பழைய போத்தல்களுக்கு இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. இன்று கிடைக்காத வாசத்தை அவை தரும், ஆனால் அது ஏன் இன்று கிடைப்பதில்லை என்பதையும் பார்க்கவேண்டும். கலியாணம் செய்து பிள்ளை பெறப்போகிற பெண்ணுக்கு அதைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. அதை நான் எப்போதாவது தாளில் அடித்து முகர்ந்து பார்ப்பதோடு சரி.

மற்றவற்றில் நான்கைத் தேர்ந்து மருமகளையே அழைத்து அவளுடைய கையில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரே சென்ட் என் தோலில் ஒரு விதமாகவும் அவள் தோலில் வேறு விதமாகவும் நின்றது, ஆகையால் பரிசுக்குக் கொடுப்பதை வாங்குபவர் தோலில் வைத்தே முடிவு செய்வது நல்லது. அவள் எடுத்தது நான் முகராமல் வீசப் பார்த்த அந்தக் கறுத்த வனிலாப் போத்தலை. “மாமா, இது நம்ம வீட்டு வாசமா இருக்கு” என்றாள்.

இப்போது ஷோகேசில் காலிப் போத்தல்கள் மட்டும் இருக்கின்றன. வாசம் உள்ளவை எல்லாம் தகரப் பெட்டிக்குள், அவற்றின் அட்டைப் பெட்டிகளில், நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. பெட்டியில்லாதவற்றைக் கறுப்புத் துணியில் சுற்றியிருக்கிறேன். மழைக்காலத்தில் லேபல்களில் பூஞ்சணம் பிடித்து எழுத்து அழிந்துவிடுவதால் ஒவ்வொன்றின் பெயரையும் அட்டைத் துண்டில் பென்சிலால் எழுதிக் கட்டியிருக்கிறேன். பாதிக்குக் கீழே இறங்கிய போத்தலில் காற்று நிறைந்திருக்கும் என்பதால் அதில் இருப்பதைச் சின்னக் கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றி விளிம்பு வரைக்கும் நிரப்பிவிடுகிறேன், பிளாஸ்டிக்கில் ஊற்றுவதில்லை. அத்தருக்குள் விரலை விடுவதில்லை, ஈர்க்கு அல்லது கண்ணாடிக் குச்சிதான். முதலாம் தேதியில் பெட்டியைத் திறந்து, அந்த மாதத்துக்கென்று இரண்டு போத்தல்களை மட்டும் வெளியே எடுத்து லாச்சியில் வைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்தால் எதையும் போடத் தோன்றுவதில்லை. இரண்டு மட்டும் இருந்தால் காலையில் கை தானாகப் போகிறது.

2023 தை மாதத்தில் கலியாணம் ஹட்டனில் நடந்தது. விடியற்காலை நாலரை மணிக்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளியே நின்ற வேன் கண்ணாடிகளில் பனி படிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்த சீசா மறுபடியும் ஊசி ஊசியாக உறைந்திருந்தது. தங்கை பட்டுச்சேலையோடு வந்து கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை, என் உள்ளங்கையிலேயே பொத்தி வைத்திருந்தேன். நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கரைந்ததும் ஈர்க்கு முனையில் தொட்டு முதலில் அவளுடைய மணிக்கட்டிலும் பிறகு என்னுடையதிலும் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் போட்டுவருகிறேன். சீசாவில் இப்போது பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது.